"பயந்துதான் குத்தினேன்" என்று சொன்ன பிள்ளைகள்: நீங்கள் நேரில் கண்டதை எழுதுங்கள்

உட்லண்ட்ஸ் அப்பா

போன வாரம் இரவுச் சாப்பாட்டின்போது மகன் ஒரு கேள்வி கேட்டான். இங்கே சிங்கப்பூரில் உயர்நிலை மூன்றில் படிக்கிறான். "அப்பா, அவன் முதல்ல என்மேல கை வச்சா நான் கத்தியால குத்தலாமா? அது தற்காப்புதானே?" சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது.

விசாரித்தேன். அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கின் காணொளிகள் அவன் நண்பர்கள் குழுவில் சுற்றிக்கொண்டிருந்தன. டெக்சாஸ் மாநிலம், ஃபிரிஸ்கோ நகரம், 2025 ஏப்ரல் 2. பள்ளி மாணவர்களின் ஓட்டப்பந்தயப் போட்டி நடந்த இடம். மழை பெய்ததால் ஒரு பையன் வேறு பள்ளியின் கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கிறான். எழுந்து போகச் சொன்னதில் வாய்ச்சண்டை. கடைசியில் நெஞ்சில் ஒரு கத்திக்குத்து. இறந்தவனுக்கு வயது 17. குத்தியவனுக்கும் 17. கொலைக் குற்றச்சாட்டு பதிவானது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவே செய்ததாக அந்தப் பையன் சொன்னான். இதை வைத்து உலகமே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. போலியான பிரேதப் பரிசோதனை அறிக்கை ஒன்றுகூடப் பரவி, அது பொய் என்று போலிசே அறிவிக்க வேண்டியிருந்தது. அந்தப் போலி அறிக்கையும் என் மகனின் கைப்பேசியில் இருந்தது.

அந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று பேச நான் வரவில்லை. அது அங்குள்ள நீதிமன்றத்தின் வேலை. என் மகனின் கேள்விதான் என்னைத் தூங்க விடவில்லை. அதே கேள்வியின் பக்கத்தில் நானும் ஒரு நாள் நின்றிருக்கிறேன்.

எனக்குப் பதினேழு வயது. ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நானும் ஒரு நண்பனும் உட்கார்ந்திருந்தோம். எதிரே மூன்று பேர் வந்தார்கள். ஒருவன் "குவா சிமி?" என்றான். இங்கே வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 'என்னடா முறைக்கிறே' என்று அர்த்தம். அந்த இரண்டு சொல்லில் ஆரம்பித்து எத்தனை சண்டைகள்! முந்தைய வாரம் பேருந்து நிலையத்தில் இதே கும்பல் என் நண்பனை அடித்திருந்தது. அதிலிருந்து அவன் பையில் பழம் வெட்டும் கத்தி ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தான். எனக்கு அது தெரியாது. அவர்கள் நெருங்கியதும் அதை உருவினான். தாளைக்கூட முழுதாகப் பிரிக்கவில்லை, முனையில் ஒரு கிழிசல் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒருவனுக்கு உள்ளங்கையில் வெட்டு விழுந்தது. மூவரும் ஓடினார்கள். அவ்வளவுதான் நடந்தது. அரை சாண் தள்ளிப் பட்டிருந்தால் என் நண்பனின் வாழ்க்கை சாங்கிச் சிறையில் போயிருக்கும், இன்னொரு வீட்டில் பிணம் விழுந்திருக்கும்.

இத்தனை வருடம் கழித்தும் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். நாங்கள் உட்கார்ந்திருந்த கல்மேசைக்குப் பின்னால் நாலு அடியில் படிக்கட்டு. நாலாவது மாடியில் அவன் வீடு. அம்மா வீட்டில்தான் இருந்தார். எங்கள் இருவருக்குமே அந்தப் படிக்கட்டு கண்ணில் படவில்லை.

பிள்ளைகளிடம் இதை எப்படிப் பேசுவது? நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்.

சேவை முடித்தவன்

அண்ணே, நான் கட்டாயத் தேசிய சேவையைக் குடிமைத் தற்காப்புப் படையில் செய்தேன், ஆம்புலன்ஸில். யாரையும் அடையாளம் காட்டாத அளவுக்கு எழுதுகிறேன்.

இரவு பதினொன்றரைக்கு அழைப்பு. கார் நிறுத்துமிடத்தில் ஒரு பையன் விழுந்து கிடந்தான். தொடையில் காயம், என் கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். சின்னக் காயம் என்று நினைத்தபடி கால்சட்டையைக் கத்தரித்தேன். துணி முழுக்க நனைந்து கனத்துப் போயிருந்தது. இரண்டு கையையும் வைத்து என் உடல் எடை முழுவதையும் கொடுத்து அழுத்தினேன். மேலே இறுக்குப் பட்டை போட்டார் எங்கள் மருத்துவ உதவியாளர். அந்தப் பையன் என்னைப் பார்த்துத் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டான்: "அண்ணே, என் இன்னொரு செருப்பு எங்க?" நான் "எடுத்து வச்சிருக்கேன்" என்று பொய் சொன்னேன். மருத்துவமனைக்குப் போன பிறகு அவன் இறந்துவிட்டான் என்று அப்புறம் தெரிந்தது.

குத்தியவன் ஓடவில்லை. பத்து அடி தள்ளி நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். அவனும் சின்னப் பையன். "அவன்தான் முதல்ல வந்தான், நான் கால்லதான் குத்தினேன், கால்லதானே" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

கால் என்றால் ஆபத்தில்லை என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். தொடைக்குள் போவது பெரிய இரத்தக் குழாய். அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போகலாம். வெளியே தெரியும் ஓட்டைக்கும் உள்ளே ஆன சேதத்துக்கும் சம்பந்தமே இருக்காது. ஒருவேளை நீங்கள் பக்கத்தில் இருக்க நேர்ந்தால் கத்தியை உருவாதீர்கள். கிடைத்த துணியைக் காயத்தின்மேல் வைத்து, வலிக்கிறது என்று கத்தினாலும் விடாமல் அழுத்துங்கள். இன்னொருவரை ஆம்புலன்ஸுக்கு 995 அழைக்கச் சொல்லுங்கள்.

ஜூரோங் அக்கா

படிக்கும்போதே வயிற்றைப் பிசைகிறது தம்பி.

போன வருடம் என் மகனின் பென்சில் பெட்டியில் அட்டை வெட்டும் கத்தி இருந்தது. "ஏன்டா இதை வச்சிருக்கே?" என்று கத்தி, இரண்டு அடியும் போட்டுவிட்டேன். கலைப் பாடத்துக்கு என்றான். நம்பினேன். இரண்டு மாதம் கழித்து அவன் நண்பனின் அம்மா சொல்லித்தான் தெரிந்தது, பேருந்து நிறுத்தத்தில் சில பையன்கள் தினமும் அவனிடம் காசு கேட்டு மிரட்டியிருக்கிறார்கள். 'ஏன்' என்று கேட்டேனே தவிர, 'யாருக்குப் பயந்து' என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

ஒரு சந்தேகம். மிரட்டுகிறார்கள் என்று பயந்து கத்தி வைத்திருந்தால், நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் தற்காப்பு என்று சொல்ல முடியாதா? சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

பழைய மொழிபெயர்ப்பாளர்

அம்மா, நான் வழக்கறிஞன் அல்ல. நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளராகப் பல ஆண்டுகள் குற்றம் சாட்டப்பட்டவர்களின் பக்கத்தில் நின்றவன். அங்கே கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நம் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. வெள்ளைக்காரன் இந்தியாவுக்கு எழுதிய சட்டத்திலிருந்து வந்ததால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் இதே எண்கள்தான். இந்தியாவில் 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் அவை 34 முதல் 44 வரை ஆகிவிட்டன. தன் உயிரைக் காத்துக்கொள்ள ஒருவனுக்கு உரிமை உண்டு. உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்று நியாயமாக அஞ்சும் நிலை இருந்தால், எதிராளியின் உயிரைப் பறிக்கும் அளவுக்குக்கூட அந்த உரிமை நீளும். இது வரைக்கும் பிள்ளைகள் எப்படியோ தெரிந்து வைத்திருக்கிறார்கள். மீதிதான் அவர்களுக்குத் தெரியாது.

பயம் உண்மையாக இருந்தால் மட்டும் போதாது. அந்த இடத்தில், அந்த நிலையில் நியாயமான பயமா என்று பார்ப்பார்கள். அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நியாயமான வாய்ப்பு இருந்ததா என்று கேட்பார்கள். வெறுங்கையோடு வந்தவனைக் கத்தியால் குத்தியது தேவைக்கு மீறியதா என்று கேட்பார்கள். இதையெல்லாம் நிரூபிக்கும் பொறுப்பு இங்கே குற்றம் சாட்டப்பட்டவன்மேல். டெக்சாஸில் அப்படியில்லை. தற்காப்புக்குக் கொஞ்சம் ஆதாரம் எழுந்துவிட்டால், அது தற்காப்பு அல்ல என்று அரசுத் தரப்புதான் ஐயமற நிரூபிக்க வேண்டும். அங்கே இருக்க உரிமை உள்ளவன், தானே சண்டையைத் தூண்டாதவன், குற்றம் எதிலும் ஈடுபடாதவன் பின்வாங்கத் தேவையில்லை என்றும் 2007இல் சட்டம் கொண்டு வந்தார்கள். அந்த ஊர்க் காணொளியைப் பார்த்து நம் பிள்ளைகள் சட்டம் கற்றுக்கொள்வதுதான் எனக்குக் கவலை.

உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். தகுந்த காரணமில்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பதே இங்கே குற்றம். சிறையும் பிரம்படியும் உண்டு. சண்டைக்கு முன்பே கத்தி பையில் இருந்தால், அரசுத் தரப்பு கேட்கும் முதல் கேள்வியே 'எதற்காகக் கொண்டு வந்தாய்' என்பதாகத்தான் இருக்கும். தற்காப்பு நிற்காவிட்டால் அடுத்ததாகத் 'திடீர்ச் சண்டை' என்று வாதாடுவார்கள். அதற்கும் முன்திட்டம் இருக்கக்கூடாது, நியாயமற்ற சாதகத்தை எடுத்திருக்கக்கூடாது. எதிராளி வெறுங்கை, இவன் கையில் கத்தி என்றால் அங்கேயும் இடறும்.

2008இல் டான் சோர் ஜின் மேல்முறையீட்டுத் தீர்ப்பில் தற்காப்புக்கான நிபந்தனைகளை நீதிமன்றம் விரிவாக வரிசைப்படுத்தியது. துப்பாக்கியோடு ஒருவரின் வீடு தேடிப் போய்ச் சுட்டவர், அவர் என்மேல் இருக்கையை வீசினார், தற்காப்புக்காகச் சுட்டேன் என்றார். எடுபடவில்லை. அது பெரியவர்களின் வழக்கு, துப்பாக்கி வழக்கு. ஆனாலும் கத்தி வழக்குகளிலும் அந்த நிபந்தனைகள்தான் பேசப்படும்.

தம்பி எழுதிய 'கால்லதானே' என்பதற்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். கொல்லும் எண்ணம் இல்லாவிட்டாலும், வேண்டுமென்றே ஏற்படுத்திய காயம் இயல்பாகவே மரணத்தை விளைவிக்கக்கூடியது என்றால் அது கொலையாகும். குற்றம் நடந்தபோது 18 வயது ஆகாதவர்களுக்கு மரண தண்டனை கிடையாது. ஆயுள் தண்டனை உண்டு. ஆயுள் என்றால் இங்கே ஆயுள்தான், இருபது வருடம் கழித்துத்தான் விடுதலையைப் பற்றி மறுஆய்வுக்கு எடுப்பார்கள். குற்றச்சாட்டு, கொலை என்ற அளவுக்கு வராத மரணம் விளைவித்தல் என்று குறைந்தாலும் அதன் கடுமையான பிரிவில் ஆயுள் வரை போகலாம்.

சரி, சட்டம் போதும். ஒரு பையனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பல வருடங்கள் ஆகிவிட்டன.

அவன் கூண்டில் நின்று, "கத்தி அவன்மேல பட்டுடுச்சு சார்" என்றான். குத்தினேன் என்று சொல்லவில்லை. நம் மொழியில் இது ரொம்ப இயல்பு. கண்ணாடி உடைஞ்சிடுச்சு, பால் கொட்டிடுச்சு என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அதை நான் ஒரு எழுத்தும் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். கத்தி தானாக நடந்து போய்ப் பட்டது போல இருந்தது. அரசு வழக்கறிஞர் அமைதியாகக் கேட்டார், "கத்தி யார் கையில் இருந்தது?" நான் தமிழில் கேட்டேன். ரொம்ப நேரம் அவன் பேசவில்லை. அப்புறம், "என் கையிலதான்." அதையும் நான்தான் சொன்னேன். பின்வரிசையில் அவன் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். ஆங்கிலத்தில் வந்தது அவருக்குப் புரியவில்லை, மகன் சொன்னது மட்டும் புரிந்தது.

பிறகு புளோக்குகளின் வரைபடத்தைக் காட்டினார்கள். அவன் நின்ற இடம், பின்னால் திறந்த பாதை, நடக்கும் தொலைவில் அக்கம்பக்கக் காவல் நிலையம். "நீ ஏன் ஓடவில்லை?" என்று கேட்கப்பட்டது. அவன் சொன்னான்: "இன்னிக்கு ஓடலாம் சார். நாளைக்கும் அந்த வழியாத்தானே ஸ்கூலுக்குப் போகணும்."

இருபது வயதுகூட ஆகாதவன் சொன்ன அந்தப் பதிலை மொழிபெயர்க்கும்போது என் குரல் இடறியது. இடறக்கூடாது, அது என் வேலை அல்ல. அந்தப் பதில் அவனைச் சட்டத்தில் காப்பாற்றவில்லை, காப்பாற்றவும் முடியாது. ஆனால் அவன் பொய் சொல்லவில்லை. இறந்த பையனின் தந்தையும் அந்த அறையில்தான் இருந்தார். அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, குத்தியவனுக்காக இரக்கப்படவும் எனக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டு பேருக்காகவும் நான் இன்றுவரை வருந்துகிறேன்.

அதனால் பிள்ளைகளிடம் "ஓடு" என்று மட்டும் சொல்லாதீர்கள். நாளைக்கு அதே வழியாகப் போவதற்கு அவனுக்கு யார் துணை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பள்ளியில் ஆலோசகர் இருக்கிறார், போலிசில் புகார் கொடுக்கலாம், இந்தியச் சமூகத்துக்கு உதவும் அமைப்பான சிண்டாவிலும் உதவி கேட்கலாம். எதுவும் உடனே நடக்காவிட்டால் ஒரு மாதத்துக்கு நீங்களே கூட நடந்து போங்கள்.

உட்லண்ட்ஸ் அப்பா

ஐயா, நீங்கள் எழுதியதை மகனை உட்கார வைத்துச் சத்தமாகப் படித்தேன். "பட்டுடுச்சு" என்ற இடத்தில் அவன் நிமிர்ந்து பார்த்தான். முடித்ததும் மெதுவாக, "அப்பா, நான் எனக்காகக் கேட்கல" என்றான்.

அவனுடைய வகுப்புத் தோழன் ஒருவன். அவனை நேற்று மாலை வீட்டுக்கு வரச் சொன்னோம். என் மனைவி தோசை ஊற்றிக்கொண்டே இருந்தார், அவன் ஆறு சாப்பிட்டான். நான் சட்டம் எதுவும் பேசவில்லை. ஈசூனில் நடந்ததைச் சொன்னேன், படிக்கட்டைச் சொன்னேன். கிளம்பும்போது அவனாகவே பையைத் திறந்து மேசைமேல் வைத்தான். மஞ்சள் பிடி போட்ட அட்டை வெட்டும் கத்தி. பிளேடில் பொட்டலம் ஒட்டும் டேப்பின் பசை பழுப்பாகக் காய்ந்திருந்தது. ஏதோ கடையில் பகுதிநேர வேலை செய்த இடத்திலிருந்து எடுத்தது போலிருக்கிறது.

அக்கா, நீங்கள் சொன்ன கேள்வியைத்தான் கேட்டேன். யாருக்குப் பயந்து என்று. இரண்டு பெயர் சொன்னான். நாளை மாலை அவன் அம்மா வேலை முடிந்து வந்ததும் நாங்கள் மூன்று பேரும் அவரைப் போய்ப் பார்க்கிறோம். திங்கள் காலை பள்ளிக்கு நான் அவர்களோடு நடக்கிறேன்.