சூடானதும் முன் கியர் வழுக்குகிறது

என் படகில் டீசல் இன்ஜின், ஹைட்ராலிக் கியர்பாக்ஸ், புரொப்பெல்லருக்கு நேர் ஷாஃப்ட். கிளம்பும்போது ஒரு குறையும் இல்லை. அரை மணி நேரம் ஓடியதும் முன் கியரில் ஆர்பிஎம் மட்டும் ஏறுகிறது, படகு நகர மறுக்கிறது. ரிவர்ஸ் அப்போதும் கச்சிதம்.

ஷாஃப்ட் கியர்பாக்ஸோடு சேரும் கப்ளிங்கில் வழுக்குகிறதோ என்று, இரண்டுக்கும் குறுக்கே சாக்பீஸ் கோடு போட்டு ஓட்டினேன், கோடு விலகவில்லை. சரி, கியர் கேபிளாக இருக்குமோ என்று அதைக் கழற்றி, லீவரைக் கையாலேயே முழுக்கத் தள்ளினேன். அதே கதைதான். ஆயில் அளவு சரி, தண்ணீர் கலந்த பால் நிறமும் இல்லை, ஆனால் டிப்ஸ்டிக்கில் கருகிய வாடை.

ரிவர்ஸ் நன்றாக இருப்பதால், ஆயில் பம்ப்பைவிட முன் கியரின் கிளட்ச் மேல்தான் எனக்குச் சந்தேகம். கியர்பாக்ஸை இறக்கும் முன், சூட்டோடு இரண்டு கியரிலும் ஆயில் பிரஷர் அளந்தால், கிளட்ச் தட்டுத் தேய்மானமா, அதை அழுத்தும் பிஸ்டனின் சீல் கசிவா என்று தெரிந்துவிடுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.