லேப்டாப்பும் ஷட்டில் சாமானும் ஒரே பையில்: ஸ்கிரீன் போகாம இருக்க எந்த மாதிரி பை பார்க்கணும்?

தாம்பரம்_ஷட்லர்:

வணக்கம். வாரத்துல நாலு நாள் காலையில ஷட்டில் ஆடிட்டு, அங்கேயே குளிச்சிட்டு, தாம்பரத்துல லோக்கல் ட்ரெயின் பிடிச்சு கிண்டியில இறங்கி, ஷேர் ஆட்டோவுல ஆபீஸ் போறேன். வீட்டுக்கு வந்து பை மாத்திட்டுப் போக நேரம் கிடையாது. அதனால ஆபீஸ் லேப்டாப், சார்ஜர், ரெண்டு ராக்கெட், ஷூ, ஈரத் துண்டு, ஆடின துணி, டிபன் பாக்ஸ், தண்ணி பாட்டில் எல்லாம் என் தோள்லதான் வரணும்.

இதுவரைக்கும் உருளையா இருக்குமே ஜிம் பை, அதுலதான் லேப்டாப்பைத் துண்டுல சுத்தி வெச்சு எடுத்துட்டுப் போனேன். போன மாசம் ஒரு நாள் ஆபீஸ்ல திறந்தா ஸ்கிரீன் இடது பக்கத்துல மேலிருந்து கீழ வரைக்கும் ரெண்டு கோடு. பை எங்கயும் விழல. யாரும் மிதிக்கல. "அழுத்தத்தால் வந்த சேதம்"னு ரிப்போர்ட் எழுதிட்டாங்க, வாரன்டியில வராதாம். மேனேஜர் எனக்காகப் பேசினதால இந்தத் தடவை தப்பிச்சேன். அடுத்த தடவை சம்பளத்துல பிடிப்பாங்க.

லேப்டாப் 15.6 இன்ச். 2,500 ரூபாய் வரைக்கும் செலவு பண்ணலாம். ஸ்போர்ட்ஸ் பைன்னு போட்டு, "லேப்டாப் பாக்கெட் உண்டு"ன்னு எழுதியிருக்கிறதை நம்பி வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்கணும்?

போர்டு_ரிப்பேர்:

பன்னிரண்டு வருஷமா லேப்டாப் சர்வீஸ் பண்றேன் சிஸ்டர். "கீழ போடவே இல்லை, ஆனா ஸ்கிரீன் போச்சு"ன்னு சொல்லிட்டு வர்றவங்களை அடிக்கடி பார்க்கிறேன். அவங்க சொல்றது உண்மைதான்.

மூடிக்குள்ள இருக்கிற பேனல், ரொம்ப மெல்லிசான ரெண்டு கண்ணாடித் தகடு. அதோட ஓரத்துல மயிரிழை மாதிரி இணைப்புகள் வரிசையா ஒட்டியிருக்கும். மூடி முழுக்கப் பரவலா எடை விழுந்தா ஓரளவு தாங்கும். ஷூ குதிகால், சார்ஜர் மூலை, பாட்டில் மூடின்னு ஒரே இடத்துல குத்தினா தாங்காது. உங்களுக்கு வந்த மாதிரி நேர்கோடு விழுந்தா பெரும்பாலும் அந்த ஓர இணைப்புல அடி.

உருளைப் பையில இன்னொரு கெடுதல் இருக்கு. கைப்பிடியைப் பிடிச்சுத் தூக்கினதும் பை நடுவுல தொய்யும். உள்ள இருக்கிறதெல்லாம் அந்தத் தொய்வுல வந்து விழுந்து லேப்டாப்பை வளைக்கும். துண்டுல சுத்தினா கீறல் விழாது, அவ்வளவுதான். வளையறதைத் துண்டு தடுக்காது. அதனால பஞ்சு எவ்வளவு கனம்னு பார்க்கிறதுக்கு முன்னாடி, லேப்டாப்புக்கும் மத்த சாமானுக்கும் நடுவுல விறைப்பா ஏதாவது இருக்கான்னு பாருங்க.

முதுகுப் பையில வைக்கும்போது மூடிப் பக்கம் உங்க முதுகைப் பார்த்து இருக்கட்டும். முதுகுப் பக்கம் தட்டையா இருக்கும், எதுவும் குத்தாது. கீபோர்டு இருக்கிற அடிப்பக்கம்தான் கெட்டி, அது சாமான் பக்கம் திரும்பி இருக்கட்டும்.

பையில போடும்போது ஸ்லீப்ல விடாதீங்க. இப்ப வர்ற நிறைய விண்டோஸ் லேப்டாப், ஸ்லீப்ல இருந்தாலும் அப்பப்ப முழிச்சு வேலை பார்க்கும். மூடின பைக்குள்ள, பக்கத்துல ஈரத் துண்டும் இருந்தா அந்தச் சூடு வெளிய போக வழியில்லை. ஷட் டவுன் பண்ணுங்க, இல்லன்னா மூடியை மூடினா ஹைபர்னேட் (திறந்து வெச்ச வேலையைச் சேமிச்சிட்டு முழுசா அணையறது) ஆகிற மாதிரி செட்டிங் மாத்திக்கோங்க.

செங்கல்பட்டு_வண்டி:

நானும் அதே லைன்தான். என் கருத்து வேற: ரெண்டு பை வெச்சுக்கோங்க. லேப்டாப்புக்கு ஒண்ணு முதுகுல, ஷட்டிலுக்கு ஒண்ணு கையில. வேர்வைத் துணியையும் கம்பெனி சொத்தையும் ஒரே பையில போடுறதே தப்பு.

தாம்பரம்_ஷட்லர்:

நானும் அப்படித்தாங்க ஆரம்பிச்சேன். ஆனா எட்டு மணிக்குத் தாம்பரம் வர்ற வண்டி செங்கல்பட்டுலயே நிரம்பி வருது. லேடீஸ் பெட்டியிலயும் கால் வைக்க இடம் இருக்காது. ஒரு கையில பை, ஒரு கையில கம்பி, குரோம்பேட்டை, பல்லாவரம் வர வர இன்னும் ஏறுவாங்க. ஒரு தடவை கைப்பையை மேல் தட்டுல வெச்சிட்டு மறந்து இறங்கிட்டேன். நல்லவேளை அது ஷூ பை. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், ஒரே பைதான்னு.

செங்கல்பட்டு_வண்டி:

அந்தக் கூட்டத்துல ஒரு பைதான் சரி, ஒத்துக்கிறேன். ஆனா ஏறினதும் பையை முன்பக்கம் மாட்டிக்கோங்க. முதுகுல இருந்தா யார் எங்க சாயறாங்கன்னு தெரியாது. முன்னாடி இருந்தா ரெண்டு கையும் வளைச்சு அழுத்தத்தை நீங்களே வாங்கிக்கலாம். உட்கார இடம் கிடைச்சா மடியில நிமிர்த்தி வைங்க. தரையில படுக்க வெச்சா யாராவது கால் வெச்சிருவாங்க.

பை_தைக்கிறவன்:

தங்கச்சி, எனக்கு பை தைக்கிற தொழில். கடையில நின்னு எதைத் தொட்டுப் பார்க்கணும்னு சொல்றேன்.

லேப்டாப்பைக் கூடவே எடுத்துட்டுப் போங்க. 15.6 இன்ச்ங்கிறது ஸ்கிரீனோட குறுக்களவு, கிட்டத்தட்ட 39.6 செ.மீ. பைக்கு வேண்டியது அந்தக் கணக்கு இல்ல. உடம்பு எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம், எவ்வளவு கனம்னுதான் பார்க்கணும். ஒரே 15.6-ல ஒண்ணு ஒல்லியா இருக்கும், கேமிங் லேப்டாப் செங்கல் மாதிரி இருக்கும். டேப் வெச்சு அளங்க. இறுக்கமா இருந்தா ஜிப் மூடும்போது மூலை உரசும். ரொம்பத் தொளதொளன்னு இருந்தா நடக்க நடக்க ஆடி மோதும். சுத்தி ஒரு விரல் இடம் இருந்தாப் போதும்.

அடுத்தது ரொம்ப முக்கியம். லேப்டாப் அறையோட அடி, பையோட அடியைத் தொடக்கூடாது. ரெண்டு மூணு செ.மீ. மேலேயே நின்னு தொங்கணும். கடையில லேப்டாப்பை உள்ள விட்டு, அடியைக் கையால தாங்கிக்கிட்டே பையை மெதுவா தரையில இறக்குங்க. கையில லேப்டாப் ஓரம் இடிச்சா அந்தப் பை வேண்டாம். "டொக்"னு சத்தம் கேட்டாலும் வேண்டாம். நீங்க ஒரு நாளைக்கு எத்தனை தடவை பையைக் கீழ வைப்பீங்க? கோர்ட்ல, ஸ்டேஷன்ல, ஆட்டோவுல, ஆபீஸ்லன்னு போகும். ஒவ்வொரு தடவையும் அந்த அடி லேப்டாப் மூலையிலதான் விழும். லேப்டாப் பாக்கெட்னு எழுதி விக்கிற பையில பாதியில இந்த இடைவெளியே கிடையாது. துணியில ஒரு தடுப்பு தைச்சு விட்டிருப்பாங்க.

ஃபோம் விஷயம். கட்டைவிரலால அழுத்தி விடுங்க. உடனே எழும்பி வந்தா நல்ல சரக்கு. டி.வி. பெட்டியைச் சுத்தி வருமே வெள்ளை ஷீட்டு, அதைப் போட்டிருந்தா குழி அப்படியே நிக்கும், நாலஞ்சு மாசத்துல பப்படம் மாதிரி ஆயிடும். கனம் எட்டுலேருந்து பத்து மில்லிமீட்டர் இருந்தா தாராளம்.

ஜிப்புல ரன்னரை, அதாவது இழுத்து மூடுற பிடியைப் பாருங்க. நம்பர் பெருசுன்னா ஜிப்பும் ரன்னரும் பெருசு. பெரிய அறைக்கு எட்டாம் நம்பர், பத்தாம் நம்பர் ஜிப் போட்டிருந்தா எடை தாங்கும். அஞ்சாம் நம்பரைப் போட்டு ஷூவையும் துணியையும் திணிச்சா பல் விட்டுடும். வார் பையில சேர்ற இடத்தை உள்பக்கம் திருப்பிப் பாருங்க. நெருக்கமா மடிச்சு மடிச்சு அடிச்ச தையல் இருக்கணும். ஒத்தை ஓட்டம் மட்டும் இருந்தா அஞ்சாறு கிலோவுக்கு அது நிக்காது. உங்க சாமான் கணக்கு அதுக்குக் குறையாது.

ராக்கெட்டுக்கும் ஒரு வார்த்தை. ஆட்ட விதிப்படி ராக்கெட் 68 செ.மீ. நீளம், 23 செ.மீ. அகலம் வரைக்கும் இருக்கலாம். சாதாரண முதுகுப் பை உயரம் அம்பது செ.மீ. பக்கம். அதனால கைப்பிடி வெளிய நீட்டிக்கிட்டுதான் இருக்கும், ஜிப் முழுசா மூடாது. அந்த இடைவெளி வழியா மழை இறங்கும். ராக்கெட் அறை தனியா, பையோட முன்பக்கம் இருக்கிற பையா பாருங்க. லேப்டாப் முதுகுப் பக்கம், துணி நடுவுல, ராக்கெட் வெளிப்பக்கம். இந்த வரிசை மாறக் கூடாது.

தாம்பரம்_ஷட்லர்:

அண்ணா, இவ்வளவு விவரமா யாரும் கடையில சொன்னதில்லை. ரொம்ப நன்றி. கீழ ஷூவுக்குத் தனி அறை இருக்கிற பை ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். அது நல்லதா?

பை_தைக்கிறவன்:

நல்லதுதான், ரெண்டு விஷயம் பார்த்துக்கோங்க. ஷூ அறைக்கும் மேல் அறைக்கும் நடுவுல இருக்கிற துணி தொளதொளன்னு இருந்தா ஷூ மேல முட்டிக்கிட்டு வந்து லேப்டாப் அடியில இடிக்கும். ஷூவை உள்ள வெச்சுட்டு, அப்புறம் லேப்டாப்பை வெச்சுப் பாருங்க. இன்னொண்ணு, நாத்தம் போக அந்த அறையில காத்து ஓட்டை போட்டிருப்பாங்க. நனைஞ்ச பிளாட்ஃபாரத்துல வெச்சா தண்ணி அது வழியாத்தான் உள்ள வரும்.

நீச்சல்_அக்கா:

நான் வேளச்சேரியில நீச்சல் முடிச்சிட்டு வேலைக்குப் போறவ. ஷட்டிலை விட எனக்கு ஈரம் அதிகம். அதனால ஈரத்தைப் பத்தி மட்டும் சொல்றேன்மா.

"வாட்டர் ரெசிஸ்டன்ட்"னு போட்டிருந்தா துணி மேல விழுற தூறல் வழிஞ்சு ஓடும்னு அர்த்தம். தையல் ஓட்டை வழியாவும் ஜிப் வழியாவும் உள்ள வரத்தான் செய்யும். பையோட வர்ற மழை உறை முன்பக்கத்தை மட்டும்தான் மூடும். முதுகுக்கும் பைக்கும் நடுவுல வழியற தண்ணி நேரா லேப்டாப் அறைப் பக்கம் இறங்கும். ஐப்பசி கார்த்திகையில கிண்டி ஸ்டேஷன்லேருந்து ரோட்டுக்கு வர்றதுக்குள்ள நடக்கும் பாருங்க.

உங்க வேர்வையே இன்னொரு தண்ணி. ஆடி முடிச்ச உடனே பையை மாட்டினா முதுகு வலை, ஃபோம் ரெண்டும் ஊறி உள்பக்கம் கசியும். அது உப்புத் தண்ணி, சாதாரண தண்ணியை விட மோசம். அதனால பை எவ்வளவு நல்லதா இருந்தாலும், லேப்டாப்பைத் தண்ணி புகாத தனி உறையில போட்டுத்தான் பைக்குள்ள வைக்கணும். ஈரத் துண்டையும் துணியையும் வாயைச் சுருட்டிப் பூட்டுற டிரை பேக்ல போடுங்க. ரெண்டு பக்கமும் அடைச்சுடணும். ஒரு பக்கம் மட்டும் போதும்னு நினைச்சு நான் ஒரு கீபோர்டை இழந்திருக்கேன்.

பாட்டில் வெளிப் பாக்கெட்ல மட்டும். உள்ள வேண்டவே வேண்டாம். டிபன் பாக்ஸும் குழம்பு இருக்கிற நாள்ல உள்ள வேண்டாம்மா, தனியா கையில.

போர்டு_ரிப்பேர்:

அக்கா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கிறேன். எப்பவாவது நனைஞ்சிட்டா, ஆன் ஆகுதான்னு பார்க்கவே பார்க்காதீங்க. ஓடிக்கிட்டு இருந்தா பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு அணைங்க. சார்ஜர் போடாதீங்க. திறந்து கூடாரம் மாதிரி கவிழ்த்து வெச்சிட்டு நேரா சர்வீஸுக்கு எடுத்துட்டு வாங்க. அரிசி டப்பாவுல போட்டா தூசும் மாவும் போர்ட்டுக்குள்ள போறதுதான் மிச்சம்.

தாம்பரம்_ஷட்லர்:

சனிக்கிழமை லேப்டாப், ஷூ, ராக்கெட் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு தி.நகர்ல மூணு கடை ஏறி இறங்கினேன். பதினோரு பை பார்த்தேன். "டொக்" சோதனையில எட்டு பை அங்கேயே போச்சு. கடைக்காரர் முதல்ல ஒரு மாதிரி பார்த்தார், அப்புறம் அவரே கையை அடியில வெச்சுப் பார்த்து, "ஆமாம்மா, இடிக்குது"ன்னார்.

மிச்சம் மூணுல ஒண்ணுக்கு ரன்னர் சின்னது. ஒண்ணுல ஷூ வெச்சதும் லேப்டாப் மேல எழும்பிடுச்சு. மூணாவது எல்லாத்துலயும் தேறிச்சு: அடியில இடைவெளி இருக்கு, ராக்கெட் அறை முன்னாடி தனியா, ஷூ அறை பக்கவாட்டுல. 2,150 ரூபாய். தண்ணி புகாத உறை தனியா 450. நூறு ரூபாய் கூடப் போச்சு, பரவாயில்லை.

ஒரே ஒரு குறை. லேப்டாப் அறைக்கும் துணி அறைக்கும் நடுவுல இருக்கிற தடுப்பு மெத்துன்னு இருக்கு, விறைப்பா இல்லை. கையால அழுத்தினா அந்தப் பக்கம் தெரியுது. இதுக்கு வழி உண்டா?

பை_தைக்கிறவன்:

உண்டு. ஸ்டேஷனரி கடையில பிள்ளைங்களுக்குப் பரீட்சை அட்டை விக்கிறாங்கல்ல, எக்ஸாம் பேடு, அதுல பிளாஸ்டிக்கோ ஹார்டுபோர்டோ ஒண்ணு வாங்குங்க. உங்க லேப்டாப் அளவுக்குக் கிட்டத்தட்ட வரும், டேப் கொண்டுபோய் அளந்துக்கோங்க. கிளிப்பை ஆணியோட கழட்டி எடுத்துடுங்க, இல்லன்னா அதுவே குத்தும். நாலு மூலையையும் உப்புத்தாள் போட்டு மழுங்க தேய்ங்க. அதை உறைக்கு வெளிய, சாமான் பக்கம் செருகுங்க. ஹார்டுபோர்டா இருந்தா ஈரத்துல உப்பும், ஒரு ரெக்ஸின் துண்டை ஒட்டிக்கோங்க. இப்ப ஷூ குதிகால் குத்தினாலும் அந்த எடை அட்டை முழுக்கப் பரவிடும்.

போர்டு_ரிப்பேர்:

நல்ல யோசனை. நான் என் கஸ்டமர்களுக்கும் சொல்லப் போறேன்.

தாம்பரம்_ஷட்லர்:

ஏழு வாரம் கழிச்சு எழுதுறேன். பரீட்சை அட்டை பிளாஸ்டிக்ல கிடைச்சது. தம்பிதான் மூலையைத் தேய்ச்சுக் கொடுத்தான். நடுவுல ரெண்டு நாள் நல்ல மழை. ஒரு நாள் பையோட முதுகுப் பக்கம் பிழியற மாதிரி இருந்துச்சு, பயந்துக்கிட்டே திறந்தேன். உறை மேல தண்ணி முத்து முத்தா நின்னுச்சு, உள்ள லேப்டாப் காய்ஞ்சே இருந்தது. ஸ்கிரீனும் நல்லா இருக்கு.

அக்காகிட்ட ஒண்ணு கேட்கணும். முதுகு ஃபோம் முழுக்க ஊறினா காய ஒரு நாளுக்கு மேல ஆகுது, லேசா நாத்தமும் வருது. துவைக்கலாமா?

நீச்சல்_அக்கா:

வாஷிங் மெஷின்ல போட்டுடாதம்மா. உள்பக்கம் பூசியிருக்கிற தண்ணி தடுக்கிற பூச்சு உரிஞ்சு பிசுபிசுன்னு ஆயிடும். ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் வெளிய எடுத்துட்டு, சோப்புத் தண்ணியில நனைச்ச துணியால முதுகுப் பக்கத்தைத் துடைச்சு, பையைத் தலைகீழா எல்லா ஜிப்பும் திறந்து நிழல்ல தொங்க விடு. மொட்டை மாடி வெயில் வேண்டாம், ஃபேன் காத்து போதும். தினமும் ஆபீஸ் போனதும் லேப்டாப்பையும் ஈரத் துணிப் பையையும் வெளிய எடுத்துட்டு, பையைத் திறந்தே நாற்காலி முதுகுல மாட்டு. சாயங்காலத்துக்குள்ள பாதி ஈரம் போயிடும்.