ஹீ-மேன் டிவிடியில் குரல் ஏன் இப்படிக் கீச்சென்று கேட்கிறது?

மொட்டைமாடி ஆன்டெனா:
எண்பதுகளின் கடைசியில் தூர்தர்ஷனில் ஹீ-மேன் கார்ட்டூன் பார்த்து வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டில் டிவி கிடையாது, எதிர்வீட்டுக் கருப்பு வெள்ளைப் பெட்டிதான், அதன் முன்னால் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்த பிள்ளைகளில் ஒருவன். போன மாதம் பழைய சாமான் விற்பவரிடம் அமெரிக்க டிவிடி செட் ஒன்று கிடைத்தது. பையனை உட்காரவைத்துப் போட்டேன். வில்லன் ஸ்கெலட்டார் உடம்பு நீலமாம்! இத்தனை வருடமும் என் மனதில் அவன் சாம்பல் நிறம்தான்.

சரி, கேள்விக்கு வருகிறேன். எல்லோர் குரலும் கொஞ்சம் மெலிந்து கேட்கிறது, டைட்டில் இசையும் அவசரமாக ஓடுகிறது. யாரோ யூடியூபில் ஏற்றியிருந்த பழைய வீடியோ கேசட் பதிவைக் கேட்டுப் பார்த்தேன், அதில் குரல் கனமாக இருக்கிறது. என் காதில் கோளாறா, டிஸ்க்கிலா? அப்புறம், அதே ஓட்டம், அதே தாவல் ஒரே கதைக்குள் நாலு தடவை வருகிறதே, அப்போதும் இப்படித்தானா?

பழைய ரீல்:
காது நன்றாகத்தான் இருக்கிறது நண்பரே. ஃபிலிமில் நொடிக்கு 24 படம். ஐரோப்பாவில் இருந்த பால் (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறையில் நொடிக்கு 25. அதற்கு மாற்றும்போது பெரும்பாலும் படத்தைச் சற்று வேகமாக ஓட்டிவிடுவார்கள், 4 சதவீதம்தான், ஆனால் சுருதி கிட்டத்தட்ட அரைக்கட்டை ஏறிவிடும். 22 நிமிடக் கதை 21 நிமிடத்தில் முடிந்துவிடும்.

அமெரிக்கத் தொடருக்கு இது எப்படி வந்தது என்றால், அது வயிற்றெரிச்சல் கதை. தயாரித்த ஃபில்மேஷன் 1989இல் மூடப்பட்டது. அதன் படங்கள் 1995இல் ஹால்மார்க் என்ற கம்பெனி கைக்குப் போயின, அங்கே எல்லாவற்றையும் பால் டிஜிட்டல் பிரதியாக்கிவிட்டு மூல ஃபிலிமைக் கழித்துக்கட்டினார்கள். 2005இல் டிவிடி போட வந்தவர்களுக்கு மிஞ்சியது அந்தப் பிரதிதான். அதே ஃபில்மேஷன் 1973இல் செய்த ஸ்டார் டிரெக் கார்ட்டூனின் உரிமை பாரமவுண்டிடம் இருந்ததால் அது தப்பித்தது, ப்ளூ-ரேவே வந்திருக்கிறது.

கணினியில் விஎல்சி (VLC) பிளேயரில் வேகத்தை 0.96 ஆக வைத்துப் பாருங்கள். ஆடியோ செட்டிங்கில் டைம் ஸ்ட்ரெச்சிங் என்ற டிக்கை எடுக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் வேகம் குறையும், சுருதி இறங்காது.

கலர்ப்பென்சில்:
அந்த ஒரே ஓட்டத்தைப் பற்றி நான் சொல்கிறேன். மொத்தம் 130 கதைகள், ஒரு சீசனுக்கு 65, வார நாட்களில் தினமும் ஓட்ட வேண்டும். மற்ற கம்பெனிகள் வரைகிற வேலையை ஜப்பானுக்கும் தைவானுக்கும் அனுப்பியபோது ஃபில்மேஷன் அமெரிக்காவிலேயே வைத்துக்கொண்டது. செலவு கட்டுப்படியாக வேண்டுமே, அதனால் ஓடுவது, தாவுவது, வாளைத் தூக்குவது எல்லாம் ஒருமுறை நன்றாக வரைந்து பத்திரப்படுத்தி, பின்னணியை மட்டும் மாற்றி மாற்றி ஒட்டினார்கள். அப்போதும் அப்படித்தான், வாரம் ஒருமுறை பார்த்ததால் நமக்கு உறைக்கவில்லை. டிவிடியில் வரிசையாக ஆறு கதை பார்த்தால் யாருக்கும் தெரிந்துவிடும்.

குரலிலும் சிக்கனம்தான். ஸ்கெலட்டாருக்கும் பயந்தாங்கொள்ளிப் புலி கிரிஞ்சருக்கும் ஒரே ஆள், ஆலன் ஓப்பன்ஹைமர். குட்டி மந்திரவாதி ஓர்கோவுக்குப் பேசியது கம்பெனித் தலைவர் லூ ஷைமரே, டைட்டிலில் எரிக் கண்டன் என்று வேறு பெயர்.

இரண்டு வாண்டுகளின் அம்மா:
என் பெண் கேட்டது இது: "இவ்வளவு பெரிய கத்தி வெச்சுக்கிட்டு ஏம்மா யாரையும் வெட்ட மாட்டேங்கறான்?" கவனித்தால் உண்மைதான், ஆட்களைக் கையால் குத்துவதுகூட அரிது, தூக்கிச் சேற்றில் போடுவதோடு சரி. அந்தக் காலத்துக் குழந்தைகள் டிவிக்கு அவ்வளவு கட்டுப்பாடு. கடைசியில் ஒருவர் வந்து அறிவுரை சொல்வாரே, அதை என் பிள்ளைகள் ரிமோட்டில் தாண்டிவிடுகிறார்கள், நானும் கண்டுகொள்வதில்லை.

மொட்டைமாடி ஆன்டெனா:
பழைய ரீல் அண்ணா, 0.96 வைத்தேன், ஸ்கெலட்டார் சிரிப்பு அப்படியே திரும்பி வந்துவிட்டது! நன்றி. ஆனால் ஒரு மாதமாக டிஸ்க்கையே கேட்டுப் பழகிய பையன் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா இன்னிக்கு எல்லாரும் தூங்கி வழியறாங்க?" என்கிறான்.