புதுப்பிப்பு: மண்டபம் ஊரில் இருந்துகொண்டே விர்ச்சுவல் அசிஸ்டென்ட் வேலை, முதல் வாடிக்கையாளர் கிடைத்துவிட்டார்

பகலில் பள்ளி வேலை, வீட்டில் இரண்டு பிள்ளைகள். மாலையில் வீட்டிலிருந்தே இந்தத் தொழிலை, அதாவது ஃபோன், இணையம் வழியாகப் பிறருடைய அலுவலக வேலைகளைச் செய்துகொடுப்பதைத் தொடங்க முடியுமா, முதல் ஆளை எங்கே பிடிப்பது என்று இங்கே கேட்டிருந்தேன். பொறுமையாகப் பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பலித்தது பரமக்குடி அக்கா சொன்ன யோசனை: "வெளிநாட்டு ஆர்டருக்குக் காத்திருக்காதே, பாலம் தாண்டி ராமேஸ்வரம் லாட்ஜ்களில் கேள்." ஃப்ரீலான்ஸ் தளங்களில் போட்ட விண்ணப்பங்களுக்குப் பதிலே இல்லை. ஒரு லாட்ஜ்காரர் மட்டும் உடனே சரி என்றார். வாட்ஸ்அப் விசாரணை, முன்பதிவு, மாதக் கணக்கு எல்லாம் இப்போது என் பொறுப்பு. மணிக்கணக்கு வேண்டாம், மாதச் சம்பளமாகப் பேசு என்று இங்கே ஒருவர் சொன்னதும் நல்லதாயிற்று.

உத்யம் பதிவை (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு) அரசுத் தளத்தில் ஆதார், பான் வைத்து நானே செய்தேன். கட்டணம் கிடையாது, காசு கேட்கும் தளங்களை நம்பாதீர்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை.

கரண்ட் போனால் ரவுட்டருக்கு மினி யுபிஎஸ் போதும்.

எதிர்பாராதது அமாவாசை. ஆடி, தை, மகாளய அமாவாசைக்கு முன்பு செய்தி கொட்டுகிறது: "22 தீர்த்தமும் ஆடிட்டு ஈரத்துணியோட வருவோம், காலைல ஆறு மணிக்கே ரூம் கிடைக்குமா?" அந்த நாட்களுக்கு லாட்ஜ்காரரிடம் தனித்தொகை கேட்டேன், ஒப்புக்கொண்டார். கோயில் ஊர்களில் தொடங்குகிறவர்கள் இதை முதலிலேயே பேசிவிடுங்கள்.