மே விடுமுறைக்குப் பிளாக் தண்டரா, கொச்சி வொண்டர்லாவா?

கேள்வி: பின்னலாடைக்காரன், திருப்பூர்

வணக்கம். மே மாதத்தின் இரண்டாவது வாரத்தில் எனக்கு இரண்டு நாள் விடுப்பு கிடைக்கிறது. நீர்ப் பூங்காவுக்குப் போயே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். மகனுக்கு 13 வயது. தலைகீழாகச் சுழலும் ரோலர் கோஸ்டரில் ஏற வேண்டும் என்பதற்காகவே கொச்சி வொண்டர்லாவைக் கேட்கிறான். மகளுக்கு 5 வயது. தண்ணீரைக் கண்டால் கரையேறமாட்டாள், ஆனால் அலை முகத்தில் அடித்தால் அழுதுவிடுவாள். 68 வயதான என் தாயாரும் உடன் வருகிறார். மூட்டு வலியால் அவர் நீரில் இறங்கமாட்டார் என்றாலும், வீட்டில் தனியே விட்டுச் செல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர், அவிநாசி, அன்னூர் வழியாகப் போனால் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். கொச்சியோ 200 கிலோமீட்டருக்கும் மேல். கட்டணத்தைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. ஐந்து பேருக்கும் அந்த நாள் நல்லபடியாகக் கழியுமா என்பதே கேள்வி. இரண்டு இடங்களுக்கும் போய் வந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மலையடிவாரம், மேட்டுப்பாளையம்

உங்கள் வீட்டு நிலவரத்துக்குப் பிளாக் தண்டரே பொருந்தும் என்பேன். உள்ளூர்ப் பாசம் என்று நினைக்க வேண்டாம். ஐந்து வயதுக் குழந்தை எந்த நேரத்தில் சோர்ந்து போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படிச் சோர்ந்தால், ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் வீட்டுக் கட்டிலில் படுக்க வைத்துவிடலாம் என்ற தைரியமே பெரிய வசதி. அலைக்குளம், சறுக்குகள், பெரியவர்களுக்கான சில இராட்டினங்கள் எல்லாம் இங்கேயும் உண்டு. உங்கள் மகன் எதிர்பார்க்கும் அளவுக்கு மிரட்டும் விளையாட்டுகள் குறைவு என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் சொல்லும் வாரம் ஊட்டி மலர்க் கண்காட்சி நடக்கும் காலத்தை ஒட்டி வருகிறது. சீசனில் மேலே செல்லும் வாகனங்களைக் குன்னூர் வழியாகவும் இறங்குபவற்றைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவது வழக்கம். பூங்கா இருப்பதோ குன்னூர் செல்லும் அதே ஊட்டிச் சாலையில்தான். ஆகவே சனி, ஞாயிறைத் தவிர்த்து, காலையிலேயே மேட்டுப்பாளையத்தைக் கடந்துவிடுங்கள். மலையேறும் வாகனங்களுக்கு 2024 மே முதல் நடைமுறையில் உள்ள இ-பாஸைப் பற்றியும் சிலர் குழப்புவார்கள். அது நீலகிரி மாவட்டத்துக்குள் நுழைவதற்கு. பூங்கா கோவை மாவட்ட எல்லைக்குள்ளேயே இருப்பதால் உங்களுக்குத் தேவைப்படாது.

வாளையாறு தாண்டியவள்

நான் கோவையில் பிறந்து கொச்சியில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு இடங்களும் எனக்குப் பழக்கம். முன்னவர் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். பதின்மூன்று வயதுப் பையனுக்கு இன்னும் இரண்டு வருடம் போனால் பெற்றோருடன் வருவதே கூச்சமாகிவிடும். அவன் ஆசையையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாமா? பள்ளிக்கரையில் உள்ள வொண்டர்லா, 2000ஆம் ஆண்டில் வீகாலேண்டு என்ற பெயரில் தொடங்கியது. நில விளையாட்டுகளும் நீர் விளையாட்டுகளும் அங்கே நிறைய இருப்பதால், அவனுக்கு ஒரு நாள் போதவே போதாது.

ஆனால் அன்றே போய் அன்றே திரும்பும் எண்ணம் இருந்தால் கொச்சியை மறந்துவிடுங்கள். குதிரான் சுரங்கப்பாதை வந்த பிறகு சாலை எவ்வளவோ மேல் என்றாலும், பூங்கா முற்பகலில்தான் திறக்கிறது. ஓட்டிக்கொண்டு வந்த களைப்போடு நீங்கள் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். சென்னையிலிருந்து ஆலப்புழை செல்லும் இரவு ரயிலைத் திருப்பூரில் விடியற்காலையில் பிடித்து, ஆலுவாவில் இறங்கி, முதல் நாள் பூங்கா, இரவு தங்கல், மறுநாள் மதியம் ரயில் என்று வைத்துக்கொண்டால் தாங்கும். மே மாதத்தில் இங்கே பிற்பகல் இடிமழை உண்டு. மின்னல் வெட்டினால் உயரமான விளையாட்டுகள் நின்றுவிடும் என்பதால், பையனை அவற்றில் முதலில் ஏற்றிவிடுங்கள்.

உங்கள் தாயாரை நினைத்தால்தான் தயங்குகிறேன். வொண்டர்லா ஒரு குன்றின் மேல் இருக்கிறது. ஏற்ற இறக்கமாக நடக்க வேண்டும். சென்ற ஆண்டு வேறொரு பூங்காவில் (பெயர் வேண்டாம்) என் மாமியார் நிழலுள்ள ஒரே திண்ணையில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மடியில் ஐந்து பேருடைய கைபேசிகள், இரண்டு மூக்குக் கண்ணாடிகள், ஒரு ஈரத் துண்டு. அதற்கும் முழு நுழைவுக் கட்டணம். "கோயிலுக்குப் போயிருந்தால் சுண்டலாவது கிடைத்திருக்கும்" என்றார்.

வடிகட்டி

ஒரு விடுதியின் நீச்சல்குளத்தைப் பராமரிப்பவன் என்ற முறையில் இரண்டு சொற்கள். திருப்பூர்க்காரருக்கு இது வருத்தமாக இருக்கும்: உங்கள் ஊர்ப் பருத்திப் பனியன் இந்த இடங்களில் செல்லாது. பருத்தி நீரைக் குடித்துக் கனத்துவிடும், சறுக்கில் ஒட்டி உடலை இழுக்கும், அதிலிருந்து உதிரும் இழைகள் வடிகட்டியில் போய் அடைத்துக்கொள்ளும். நைலான் அல்லது பாலியஸ்டர் உடையை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். வாசலில் வாங்கினால் விலை கூடுதல்.

குளத்தருகே மூக்கைத் துளைக்கும் நெடி அடித்தால் மருந்து நன்றாகப் போட்டிருக்கிறார்கள் என்று பலர் மகிழ்கிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறு. குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்து குளோரமின் ஆகும்போதுதான் அந்த நெடியும் கண் எரிச்சலும் வரும். மகளைக் கூட்டம் சேர்வதற்கு முன் காலையிலேயே குழந்தைகள் குளத்தில் விடுங்கள். அலைக்குளத்தில் சங்கு ஊதியதும் எல்லோரும் ஆழத்தை நோக்கி ஓடுவார்கள். அப்போது நீங்கள் அவளோடு கணுக்கால் அளவு நீரில் நில்லுங்கள், அங்கே அலை நுரையாகத்தான் வந்து சேரும்.

புறப்படும் முன் இருவருடைய உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். சிறுவர் கட்டணம் பல இடங்களில் வயதை அல்ல, உயரத்தை வைத்துத்தான். பெரிய சறுக்குகள் சிலவற்றுக்கு 140 செ.மீ. வரை கேட்பார்கள். அதில் ஒரு விரற்கடை குறைந்தாலும் விடமாட்டார்கள், விடவும் கூடாது.

பின்னலாடைக்காரன், திருப்பூர்

மூவருக்கும் மிக்க நன்றி. இப்போதுதான் கதவு நிலையில் இருவரையும் நிறுத்தி அளந்தேன்: மகன் 154, மகள் 107. தாயாரிடம் கேட்டதற்கு, "மேட்டுப்பாளையம் என்றால் வருகிறேன், கொச்சி என்றால் நீங்கள் போய்வாருங்கள்" என்று முடித்துவிட்டார். புதன்கிழமை ஐவரும் பிளாக் தண்டருக்குச் செல்கிறோம். காலாண்டு விடுமுறையில் நானும் மகனும் மட்டும் ரயிலில் ஆலுவா போவதென்று ஒப்பந்தம். அதை எழுத்தில் தரச் சொல்லிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டான்.