சரிவில் உண்ணிச்செடி: மண் சரியாமல் எடுப்பது எப்படி?

வீட்டுக்குக் கீழே 40 சென்ட் சரிவு முழுக்க உண்ணிச்செடி, லாண்டானாவேதான். எவ்வளவு வெட்டினாலும் திரும்ப வருகிறது.

இடம் கொடைக்கானல் கீழ்மலை, பண்ணைக்காடு பக்கம். ஓட்டு வீடு, சுவரிலிருந்து எட்டடி தள்ளிப் புதர் ஆரம்பம். போன மார்ச்சில் எதிர்ச்சரிவில் தீப்பிடித்தபோது ராத்திரி முழுக்க ஓட்டின் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம். தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஏறும். எங்கள் வீடோ மேட்டில்.

ஏப்ரலில் ஆள் வைத்து அரிவாளால் தரையோடு வெட்டினோம். ஐப்பசி மழைக்கு அடிக்கட்டையிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்த்துவிட்டது. அப்புறம் 52 சிசி புல்வெட்டும் மெஷின் வாடகைக்கு எடுத்தேன். நைலான் நரம்பு இளங்குச்சியை அடித்தது, கட்டைவிரல் பருமனுள்ள தண்டில் அறுந்து போனது. ஆடு விடச் சொன்னார்கள். உண்ணி இலை ஆடுமாடுகளுக்கு விஷம், வேண்டாம். களைக்கொல்லியும் முடியாது, கீழே குடிநீர் ஊற்று. வெட்டிய குச்சி காய்ந்து குவியலாகக் கிடக்கிறது, இப்போது அதுவே பெரிய பயம்.

வேரோடு எடுத்தால் மண் சரியும் என்றார் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர். கேட்காமல் ஒரு மூலையில் நாலு தூர் தோண்டினேன். அடுத்த மழைக்கே அங்கே பள்ளம். அவர் சொன்னது சரிதான்.

தை பிறக்கப் போகிறது. மாசிக்குள் வீட்டைச் சுற்றி 30 அடியாவது சுத்தமாக வேண்டும். இப்படிச் செங்குத்தான சரிவில் மண் இளகாமல் உண்ணித் தூரை எடுத்தவர்கள் இருந்தால், எப்படிச் செய்தீர்கள்?