ஓமான் ஓஃபியோலைட்: டெத்திஸ் கடலின் தரையா, அது மூடத் தொடங்கியபோது பிறந்த தரையா?

செம்மண்காடு (கேள்வி):
எல்லோருக்கும் வணக்கம். நிலவியல் முதுகலை படிக்கிறேன், அடுத்த மாதம் வகுப்பில் ஓஃபியோலைட் பற்றி செமினார் எடுக்க வேண்டும். புத்தகத்தில் இருப்பது புரிகிறது: பழைய கடல்தரையின் ஒரு துண்டு கண்டத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது, அடியில் மேன்டிலின் (மேலோட்டுக்குக் கீழே உள்ள அடுக்கு) பாறையான பெரிடோடைட், அதன் மேல் ஆழத்தில் மெதுவாக இறுகிய கேப்ரோ, பிறகு நெருக்கியடித்து நிற்கும் டைக்குகள் (பிளவில் ஏறி இறுகிய பாறைச் சுவர்கள்), அப்புறம் கடலடியில் உருண்டையாக இறுகிய தலையணை லாவா. 1972 பென்ரோஸ் மாநாட்டில் இந்த வரிசையைத்தான் வரையறையாக வைத்தார்கள். ஆனால் அடுத்த வருடமே மியாஷிரோ, சைப்ரஸின் டிரூடோஸ் நடுக்கடல் முகட்டில் உருவானதல்ல, பெரும்பாலும் தீவு வளைவில் (ஒரு தட்டு கீழே சொருகும் இடத்தில் எழும் எரிமலைத் தீவு வரிசை) உருவானது என்று எழுதிவிட்டார். ஓமானின் செமாயில் மலைகளுக்கும் இன்று அதே விவாதம் ஓடுகிறது. அப்படியானால், டெத்திஸ் போலக் காணாமல் போன ஒரு பெருங்கடலின் வரலாற்றை இந்தப் பாறைகளை வைத்து எப்படி எழுதுகிறார்கள்? எனக்கு இந்த இடம்தான் ஒட்டவே மாட்டேன் என்கிறது.

கருங்கல்:
நல்ல கேள்வி, செமினாரை இதைச் சுற்றியே கட்டுங்கள். முதலில் ஓஃபியோலைட் ஏன் வேண்டும் என்பது. இன்றைய பெருங்கடல்களில் அகலமாகக் கிடைக்கும் மிகப் பழைய தரை மேற்கு பசிபிக்கில் இருக்கிறது, அதன் வயதே சுமார் 18 கோடி ஆண்டுதான். அதற்கு முந்தைய தரையெல்லாம் ஏறக்குறைய முழுதும் மேன்டிலுக்குள் போய்விட்டது. மிச்சம் கிடைப்பது மலைகளில் மாட்டிக்கொண்ட துண்டுகள் மட்டுமே.

டிரூடோஸ் சண்டையில் இரண்டு பக்கமும் உண்மை இருந்தது. இயன் காஸ் 1968இல் அதைக் கடல்தரை என்றதும், மூர்ஸும் வைனும் 1971இல் அதை விரித்து எழுதியதும் டைக்குகளை நம்பித்தான். அங்கே ஒரு டைக்கின் அருகில் போய்ப் பார்த்தால் பல இடங்களில் ஒரு ஓரம் மட்டும்தான் விரைவாகக் குளிர்ந்து கண்ணாடி போல நுண்மணியாக இருக்கும், மறு ஓரம் இருக்காது. காரணம், அந்த டைக் இறுகியதும் அதன் நடுவையே பிளந்துகொண்டு அடுத்த டைக் உள்ளே வந்திருக்கிறது, மறுபாதி வேறெங்கோ விலகிப் போய்விட்டது. இடைவிடாமல் விரிந்துகொண்டே இருந்த தரையில்தான் இது நடக்கும். ஆகவே விரிதல் நடந்தது, அதில் சந்தேகம் வேண்டாம்.

மியாஷிரோ பார்த்தது லாவாவின் வேதியியலை. பின்னால் ஜூலியன் பியர்ஸ் போன்றவர்கள் நுண்தனிமங்களை வைத்து அதை உறுதியாக்கினார்கள்: நியோபியம், டான்டலம் குறைவு, தோரியம் கூடுதல், சில இடங்களில் மெக்னீசியம் மிகுந்த எரிமலைப் பாறையான போனினைட். கீழே சொருகும் ஒரு தட்டிலிருந்து நீர் கசிந்து மேலே இருக்கும் மேன்டிலை உருக்கினால் வரும் அடையாளம் இது. இரண்டையும் சேர்த்தால் கிடைக்கும் விடை: தரை விரிந்தது, ஆனால் சொருகும் தட்டுக்கு மேலே விரிந்தது. ஒரு தட்டு இன்னொன்றின் கீழே சொருகுவதைத்தான் சப்டக்‌ஷன் என்கிறோம். 1984இல் இந்த வகைக்கே சப்டக்‌ஷன் மண்டலத்துக்கு மேற்பட்ட ஓஃபியோலைட் என்று தனிப் பெயர் வைத்தார்கள்.

ஓமானில் நான் மிகவும் மதிக்கும் சான்று இன்னொன்று. பெரிடோடைட்டின் அடிப்பாகத்தில் கார்னெட் ஆம்பிபோலைட் ஒரு மெல்லிய பட்டையாக ஒட்டியிருக்கும், உருமாற்ற அடித்தளம் என்பார்கள். அது கீழே சொருகிய தட்டின் பசால்ட். மேலே இருந்த சூடான மேன்டில் அதைச் சுமார் 800 டிகிரி வரை சுட்டிருக்கிறது. மேலோட்டின் சிர்கான் (வயது கணிக்க உதவும் கனிமம்) வயது 9.6 முதல் 9.5 கோடி ஆண்டு. அடித்தளத்தின் சிர்கானும் ஏறக்குறைய அதே வயதுதான். 2018இல் அதே அடித்தளத்துக் கார்னெட்டை லுட்டீசியம்-ஹாஃப்னியம் முறையில் அளந்தபோது 10.4 கோடி வந்தது. அதை ஏற்றுக்கொண்டால் சப்டக்‌ஷன் தொடங்கிச் சுமார் 80 லட்சம் ஆண்டு கழித்துத்தான் செமாயில் தரையே பிறக்கிறது.

அதனால் செமாயில் டெத்திஸின் சராசரித் தரை அல்ல, டெத்திஸ் மூடத் தொடங்கிய காலத்துத் தரை. இதைக் குறையாக நினைக்காதீர்கள். பழைய தரை குளிர்ந்து கனத்துக் கீழே போய்விடும். தட்டு சொருகும் அகழிக்கு மேலே, இளசாகச் சூடு ஆறாமல் இருக்கும் தட்டின் விளிம்புதான் வந்து சேரும் கண்டத்தின் மீது ஏறித் தப்பிக்க வாய்ப்பு அதிகம். ஓமானில் அரேபியக் கண்டத்தின் ஓரமே அந்த அகழிக்குள் இழுபட்டிருக்கிறது, மஸ்கட்டுக்குத் தெற்கே அஸ் சிஃபாவில் கிடைக்கும், மிகுந்த அழுத்தத்தில் உருமாறிய எக்லோகைட் அதற்கு நேரடிச் சாட்சி.

மலைமேடு:
கருங்கல் சொன்னதோடு முழு உடன்பாடு. 2014இல் ஜப்பானுக்குத் தெற்கே இசு-போனின் அகழியோரம் கடலடியில் துளையிட்டபோது, சப்டக்‌ஷன் தொடங்கிய நேரத்தில் கக்கிய பசால்ட்டும் பிறகு வந்த போனினைட்டும் கிடைத்தன. பல ஓஃபியோலைட்டுகளின் லாவா வரிசையோடு அது நன்றாகப் பொருந்துகிறது. இன்றைய கடலிலேயே ஒப்பிட இடம் கிடைத்துவிட்டதால் விவாதம் வெகுவாகத் தெளிந்துவிட்டது.

ஆனால் உங்கள் கேள்வியின் மறுபாதிக்கு, அதாவது பெருங்கடலின் வரலாறு எங்கே என்பதற்கு, ஓஃபியோலைட்டை மட்டும் பார்த்தால் போதாது, அது எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். செமாயிலுக்கு அடியில் ஹவாசினா என்ற படிவுப்பாறை மடிப்புகள் நசுங்கிக் கிடக்கின்றன. ரேடியோலேரியா என்ற கடல் நுண்ணுயிர்களின் ஓடுகள் நிறைந்த சிவப்பு செர்ட் (சிலிக்காப் பாறை), கண்டச்சரிவிலிருந்து சரிந்து வந்த சுண்ணாம்புப்பாறை, ஆங்காங்கே பழைய எரிமலைத் துண்டுகள். பெர்மியன் முதல் கிரெட்டேசியஸ் வரை அரேபியாவின் ஓரத்தில் ஆழ்கடல் இருந்ததை அவைதான் சொல்கின்றன. கடல் திறந்த காலம், ஆழமான காலம், உயிர்கள் மாறிய காலம் எல்லாம் அந்தச் செர்ட்டில் இருக்கிறது. மேலே இருக்கும் பிரமாண்டமான பெரிடோடைட்டில் இல்லை. மாணவர்கள் வாடி ஜிஸ்ஸியின் தலையணை லாவாவைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள் என்பது என் வருத்தம். ஒவ்வொரு தலையணையும் அழகுதான், கீழ்ப்பக்கம் அடுத்ததன் இடுக்கில் வழிந்து இறுகியிருப்பதை வைத்து எந்தப் பக்கம் மேல் என்றுகூடச் சொல்லிவிடலாம். இருந்தாலும் செர்ட்டுக்கு நேரம் ஒதுக்குங்கள்.

ஓஃபியோலைட் கண்டத்தின் மேல் ஏறிய காலத்தைக் கணிக்கவும் இதே முறைதான். கிரெட்டேசியஸ் முடிவுக்குள் ஓஃபியோலைட்டின் மேலேயே ஆழமற்ற கடலின் சுண்ணாம்புப்பாறை படிந்துவிட்டது, எனவே அதற்குள் ஏற்றம் முடிந்தாக வேண்டும்.

செம்மண்காடு:
மிக்க நன்றி இருவருக்கும், இப்போது ஒரு வழி தெரிகிறது. இன்னும் இரண்டு. டெத்திஸைவிடப் பழைய கடல்களுக்கும் இதே முறை செல்லுமா? அப்புறம், காவிரிப் பக்கம் மானமேட்டிலும் ஓஃபியோலைட் இருப்பதாகப் படித்தேன், அதைச் செமினாரில் சேர்க்கலாமா?

கருங்கல்:
செல்லும். அட்லாண்டிக் ஒருமுறை மூடி மறுபடியும் திறந்ததா என்று 1966இல் டூசோ வில்சன் கேட்டதற்கு அடிப்படை, ஒரே கரையில் இரண்டு வேறு டிரைலோபைட் (அழிந்துபோன கடல் உயிரினம்) கூட்டங்கள் கிடைத்ததுதான். அப்படி மூடிய ஐயாபெட்டஸ் கடலின் துண்டுதான் நியூஃபவுண்ட்லாந்தின் பே ஆஃப் ஐலண்ட்ஸ் ஓஃபியோலைட், வயது சுமார் 48.5 கோடி. அங்கே டேபிள்லேண்ட்ஸ் மேட்டில் மேன்டில் பாறை பழுப்பேறி விரிந்து கிடக்கிறது, மெக்னீசியமும் நிக்கலும் மிகுந்த மண் என்பதால் செடிகொடி அரிது. அதுவும் சப்டக்‌ஷன் மண்டலத்துக்கு மேலே பிறந்ததாகவே கருதப்படுகிறது. 100 கோடி ஆண்டுக்கு முன்னே போகப் போகத்தான் சிக்கல். ஃபின்லாந்தின் ஜோர்முவா போல 195 கோடி வயதில் நல்ல உதாரணங்கள் ஒன்றிரண்டு உண்டு, அதற்கும் பழையது என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை விவாதத்தில் இருக்கின்றன.

மானமேட்டைச் சேர்க்கலாம், ஆனால் உறுதியான ஓஃபியோலைட் என்று எழுதாதீர்கள். பிளேஜியோகிரானைட் என்ற வெளிர் நிறப் பாறையின் சிர்கானை வைத்து 70 முதல் 80 கோடி ஆண்டுக்குள் வயது சொல்கிறார்கள், மூடிப்போன பழைய மொசாம்பிக் கடலோடு இணைக்கிறார்கள். அந்த நிலமோ மிகை வெப்பத்தில் உருமாறி, பலமுறை நொறுங்கியது. ஓமான் போல வரிசையைக் காலால் நடந்து சரிபார்க்க முடியாது. ஒன்று மட்டும் கவனம்: அல்ட்ராமாஃபிக் பாறை (பெரிடோடைட் போன்றது) இருந்தாலே ஓஃபியோலைட் ஆகிவிடாது. சேலத்து மாக்னசைட் சுரங்கங்களில் டூனைட் என்ற அத்தகைய பாறை நிறையவே இருக்கிறது, அதை வைத்து அங்கே ஒரு கடலை வரைந்துவிடக் கூடாது.

நெய்தல்:
போர்ட் பிளேரிலிருந்து எழுதுகிறேன். ஓமானுக்குப் போக முடியாதவர்கள் இங்கே வரலாம். கார்பின்ஸ் கோவ் பக்கம் தலையணை லாவா, தெற்கே சிடியா தாப்பு பக்கம் பெரிடோடைட், எல்லாம் தெற்கு அந்தமானின் கிழக்குக் கரையிலேயே. இங்குள்ள பிளேஜியோகிரானைட்டின் வயதும் சுமார் 9.5 கோடி, ஓமானோடு ஒப்பிட ஒரு நல்ல புள்ளி. ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டு வாருங்கள், நீர் வற்றும் நேரத்தில்தான் நல்ல பாறைமுகங்கள் தெரியும். மாதிரி எடுப்பதென்றால் வனத்துறையிடம் முன்பே எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.